உள்ளங்கையை மூடுங்கள்

நான் என்ன பேசப் போகிறேன் என்று ஓரளவு தெரிந்திருந்தும் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்த துணிச்சல்காரர், மீன்கொத்தி அணி ஆதரவாளர் சங்கத்தின் தலைவி, திருமதி மாவிஸ் ஓடம் அவர்களே! ஆட்டத்துக்கு முன் நமக்காகவும், ஆட்டத்துக்குப் பின் நடுவர்களின் பாவத்துக்காகவும் ஜெபிக்கும் போதகர் அவர்களே! தோற்ற ஆண்டிலும் இருக்கையை விட்டுக்கொடுக்காத பெரியோர்களே! வாழைப்பழப் புட்டிங் கிண்ணங்களை மடியில் ஏந்தி, அலபாமா வெயிலில் அது உருகும் முன் வந்து சேர்ந்த தாய்மார்களே! இப்போதே விசிலடிக்கும் பின்வரிசைத் தம்பிமார்களே! உங்கள் எல்லோருக்கும் ப்ரூயிட் அரங்கத்தின் அறிவிப்பாளன் டாய்ல் ரக்கரின் மாலை வணக்கம்.

எப்பேர்ப்பட்ட அரங்கம் நம் அரங்கம்! இரண்டு குன்றுகளுக்கு நடுவே குதிரை லாடம் போல் வளைந்து கிடக்கும் அரங்கம். பருத்தி பொறுக்கிய கையோடு நம் பாட்டன்மார் செங்கல் அடுக்கிய அரங்கம். ஊர் ஜனம் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் கால்வாசி நிரம்பாத அரங்கம். சனிக்கிழமை விடிந்தால் கடுகு விழ இடமில்லாத அரங்கம்! பந்தைக் காலால் உதைப்பதை விடக் கையால் கட்டிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். ஆனாலும் கால்பந்து என்கிறோம். ஏன் என்று யாராவது கேட்டோமா? கேட்கமாட்டோம். கேள்வி கேட்காமல் நேசிப்பது நம் குணம்.

அந்தக் குணத்தை நினைத்துத்தான், அன்பர்களே, எனக்குப் பயமாக இருக்கிறது. ஆமாம், பயம். மைக்கில் கர்ஜிக்கிறவனுக்குப் பயமா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் போன ஆட்டம் வரை சிரித்தவன்தான்.

இந்தக் கூடம் எங்கே இருக்கிறது? கிழக்கு மேல்மாடத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. நம் தகப்பன்மார் காலத்தில், இருந்த படிக்கட்டுகளுக்கு மேலே இன்னொரு அடுக்கை ஏற்றினார்களே, அந்த மேல்மாடம். மாணவர்கள் நிற்கும் இடம். நிற்கும் இடம் என்றுதான் சொல்ல வேண்டும், அவர்கள் என்றைக்கு உட்கார்ந்தார்கள்? இப்போதும் தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறதல்லவா? நாளை மறுநாள், சனிக்கிழமை, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள நம் பரம எதிரிக் கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்துக்காக உற்சாகக் கூட்டம் போடக் கூடிக்கொண்டிருக்கிறார்கள். என் மகள் மார்னியும் பெரிய ட்ரம்மைக் கட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கிறாள்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் நான் ஒலிபெருக்கியில் கேட்பேன், “வீடு முழிச்சிருக்கா?” மேல்மாடம் பதில் சொல்லும், “முழிச்சிருக்கு!” ட்ரம் முழங்கும். அத்தனை பேரும் ஒன்றாகக் குதிப்பார்கள். மேல்மாடம் ஆடும். அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் தூள் கொட்டும். கீழே உட்கார்ந்திருக்கும் நாம் என்ன செய்வோம்? ஓடுவோமா? ஒதுங்குவோமா? உள்ளங்கையை விரித்து ஏந்துவோம்! நெற்றியில் பூசுவோம், குழந்தைகளின் தலையில் தடவுவோம். ஏனென்றால் தோற்றுக்கொண்டிருந்த ஏதோ ஓர் ஆண்டில், யாரோ ஓர் அம்மாளின் தொப்பியில் அந்தத் தூள் விழுந்தது, அணி ஜெயித்துவிட்டது. அன்றிலிருந்து அது அதிர்ஷ்ட மழை. கட்டடம் உதிர்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! எனக்கும் தோன்றவில்லையே!

போன ஆட்டத்தில் தூளோடு ஒரு கட்டியும் விழுந்தது. சோள ரொட்டித் துண்டு அளவு கான்கிரீட். எங்கே விழுந்தது? இதோ, நமக்கெல்லாம் பன்றி இறைச்சி புகை போட்டுத் தரும் வாடெல் ஸ்டாக்ஸின் மடியில். வாடெல், அந்தக் கட்டி இப்போது எங்கே இருக்கிறது? உரக்கச் சொல்லப்பா. கேட்டீர்களா? “கார் கண்ணாடில கட்டித் தொங்க விட்டிருக்கேன் அண்ணே, ராசியானது!” என்கிறார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே மனிதரின் மடியில் கட்டடமே விழுந்திருக்கிறது, அவர் அதைக் காரில் தொங்கவிட்டுவிட்டு வேர்க்கடலையை உரிக்கிறார்!

அன்று ஆட்டம் முடிந்து, மேல்மாடத்தை ஒட்டிய என் அறிவிப்பாளர் அறையின் கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. தோளால் இடித்தேன், திறக்கவில்லை. பூட்டில் கோளாறு இல்லை. நிலைச்சட்டம் கோணி, கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. காலையில் சுகமாகத் திறந்த கதவு, ஐயா! காவலாளி நெம்பித் திறந்துவிட்ட பிறகு வீட்டுக்குப் போய் மார்னியிடம் கேட்டேன், “மேல எப்படிம்மா இருந்துச்சு?” அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “படகுல நிக்கிற மாதிரி இருந்துச்சுப்பா. நாங்க குதிக்கிறத நிறுத்தின பிறகும் அது நிக்கவே இல்ல.”

கல்லூரிக் கட்டட அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், குளிர்ந்த தேநீர் கொடுத்தார். “ஆடினா நல்லது சார். ஆடாததுதான் ஒடியும்,” என்றார். “அந்தக் கதவு?” என்றேன். எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அக்கரைக் கல்லூரியோட ஆட்டம் சார் இது. இது முடியட்டும். திங்கக்கிழமை ஆளை வரச் சொல்லிப் பாத்துருவோம்,” என்றார். திங்கட்கிழமை! தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கலாம், அன்பர்களே. மேல்மாடத்தை விட்டுவிட்டு எதைப் பிடிப்பது?

ஆகவே இந்த மேடையில் சொல்கிறேன். சனிக்கிழமை நான் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டேன். வீடு தூங்கட்டும்!

கத்துங்கள், கத்துங்கள். என்ன சொன்னீர்கள் அங்கே? “அக்கரைக்காரி வீட்டு மாப்பிள்ளை வேற எப்படிப் பேசுவான்?” அப்படியா? ஆமாம் தம்பி, என் மனைவி அக்கரைக் கல்லூரியில் படித்தவள்தான். ஆட்ட நாளில் எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரியும், ஒருவர் சமைத்ததை ஒருவர் தொடமாட்டோம். ஆனால் அவளுடைய ஒரே பிள்ளையும் என்னுடைய ஒரே பிள்ளையும் ஒன்றுதான். அந்தப் பிள்ளை மேல்மாடத்தில் நிற்கிறது. உன் தங்கையும் அங்கேதான் நிற்கிறாள், தெரியுமா உனக்கு?

தலைவி அவர்கள் ஏதோ சொல்கிறார். சொல்லுங்கள் அம்மா. “நீங்க கேக்கலைன்னா மட்டும் விட்டுருவாங்களா டாய்ல்? போன வருஷம் தொண்டை கட்டிப் படுத்தீங்களே, அது சரியானதும் உங்க குரலைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க பசங்க.” உண்மைதான் அம்மா. நான் வாயை மூடினால் போதாது என்பதால்தான் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன். இந்தச் சங்கம் ஒரு வார்த்தை சொன்னால் கல்லூரி தட்டாது. சனிக்கிழமை கிழக்கு மேல்மாடத்தை மூடுங்கள் என்று சொல்வோம். ஆட்டம் நடக்கட்டும், ஆரவாரம் நடக்கட்டும், மேலே மட்டும் ஆள் வேண்டாம். சம்மதிப்பவர்கள் கையை உயர்த்துங்கள்!

போதகர் உயர்த்திவிட்டார். முன்வரிசையில் அந்த அம்மாள் உயர்த்திவிட்டார். அவ்வளவுதானா? வாடெல், உன் கையும் வேண்டும் எனக்கு. அதிர்ஷ்டம் இதுவரை உன் மடியோடு நின்றது. அடுத்த முறை தலையைத் தேடாது என்று யார்…

பொறுங்கள். பேசாதீர்கள். கேட்கிறதா?

“வீடு முழிச்சிருக்கா?”

அது என் குரல். நான் இங்கே நிற்கிறேன், என் குரல் மேலே கேட்கிறது. பதிவைப் போட்டுவிட்டார்கள். பதில் சொல்கிறார்கள். ட்ரம் தொடங்கிவிட்டது, மார்னியின் ட்ரம்.

மேசையைப் பாருங்கள். வெள்ளை விரிப்பில் தூள் விழுகிறது. தேநீரில் விழுகிறது. வாடெல், கையை விரிக்காதே! யாரும் விரிக்காதீர்கள். உள்ளங்கையை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களே, முதலில் நீங்கள். கிண்ணங்கள் இருக்கட்டும், அப்படியே விட்டுவிட்டு எழுந்திருங்கள். பெரியோர்களே, இந்த ஒரு முறை இருக்கையை விட்டுக்கொடுங்கள். தம்பிமார்களே, விசில் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், பெரியவர்களுக்குத் தோள் கொடுங்கள். போதகரே, ஜெபத்தைப் புல்வெளியில் வைத்துக்கொள்வோம், எல்லோரையும் அங்கே கூட்டிப் போங்கள். தலைவி அவர்களே, இந்தக் கூடத்தின் கதவைத் திறந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாற்காலியையும் குறுக்கே வையுங்கள். அது இறுகிவிட்டால் தோளால் இடித்தாலும் திறக்காது.

நான் மேலே போகிறேன். அவர்களைக் குதிக்க வைத்தது என் குரல். உட்கார வைக்கவும் அதே குரலைத்தான் அவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும், கடவுளே.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வணக்கம். மெதுவாக நடங்கள்.