எலிக்கு நிறுத்தினோம், மனிதனுக்கு நிறுத்தினீர்களா?

இந்தத் திருவொற்றியூர்த் தெருமுனையை நியாய சபையாக்கித் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் செல்வநாதன் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் பெரியோர்களே! ஆலைப் புகையை அன்றாடம் குடித்தும் அயராத அண்ணன்மார்களே! மீன்கூடையை இறக்கிய கையோடு காத்திவாக்கத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! கல்மண்டபத்தில் பிறந்து, மருந்தியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் இந்த ஐரீனின் வணக்கம்!

கார்பன் டெட்ராகுளோரைடு! எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ரசாயனம். மூக்குக்கு இனிக்கும், கல்லீரலைக் கருக்கும். அதனால் ஈரல் கெட்ட எலிகளுக்கு நாங்கள் கீழாநெல்லிச் சாற்றைக் கொடுத்தோம். எலிகள் தேறின. செய்தித்தாளில் வந்தது. அங்கேதான் பிடித்தது வினை!

மணலியில் ஓர் ஆலை. என்ன, பேரைச் சொல்லவா? வழக்கு நடக்கிறது அண்ணே, உங்களுக்கே தெரியும், விடுங்கள்! அங்கே காற்றே புகாத கொட்டகையில் அந்த ரசாயனத்தை ஊற்றி இயந்திரம் கழுவியவர் வியாசர்பாடி டில்லிபாபு. முகமூடி உண்டா? இல்லை. புகைபோக்கி விசிறி உண்டா? இல்லை. ஆனால் செய்தியைப் படித்த மேலாளர், வாசலில் ஓர் அண்டா நிறையக் கீழாநெல்லிச் சாற்றை வைத்தார். பெயர், மூலிகை நலத்திட்டம்! அதைத் தொடங்கி வைக்க என்னையே அழைத்தார்.

போனேன். வரிசையில் முதல் ஆள் டில்லிபாபு. கண்ணிரண்டும் மஞ்சள். பக்கத்தில் அவரைத் தாங்கிப் பிடித்தபடி மனைவி செங்கொடி.

“இன்னா மேடம், இத்த குட்ச்சா செரியாப் பூடுமா? வாந்தியா வந்துகினே கீது” என்றார் டில்லிபாபு.

என் நெஞ்சு கொதித்தது. மேலாளரிடம் திரும்பினேன். “சார், நஞ்சை நிறுத்திய பிறகுதான் எலிக்குச் சாறு கொடுத்தோம். நீங்கள் நஞ்சை நிறுத்தினீர்களா?”

“அதெப்படி நிறுத்துறது மேடம்? உற்பத்தி என்னாகிறது?”

கேட்டீர்களா? எலிக்குக் கிடைத்த இரக்கம் எங்கள் ஆளுக்கு இல்லையா? கூண்டுக்குள் இருந்த உயிருக்குக் கிடைத்த ஓய்வு, குடும்பம் காக்கும் உயிருக்கு இல்லையா?

செங்கொடி கணவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினார். மேலாளர் முன்னால் நீட்டினார். “சார், நீ இத்த குட்ச்சிட்டு அந்தக் கொட்டாயாண்ட போயி மத்தியானம் வரைக்கும் வேல செய். ஒனக்கு ஒண்ணும் ஆவலன்னா, அப்பால என் வூட்டுக்காரு குடிப்பாரு.”

மேலாளர் கை நீளவில்லை. அடுத்து நின்ற பீம்ராவ் டம்ளரைக் கீழே வைத்தார். அடுத்தவர் வைத்தார். வரிசை முழுவதும் வைத்தது. அன்று கொட்டகைக்குள் ஒருவரும் நுழையவில்லை!

கை தட்டாதீர்கள், கதை முடியவில்லை. வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் போனது. விசிறி வந்தது, முகமூடி வந்தது, அந்த ரசாயனமே வெளியேறியது. மருத்துவமனையில் டில்லிபாபுவின் மஞ்சள் இறங்கியது. வேலைக்குத் திரும்பினார். வாசலிலேயே தடுத்து, “உடல் தகுதியில்லை, போ” என்றார்கள்! ஈரலைக் கெடுத்தவன் யார்? தகுதியில்லை என்று தீர்ப்பெழுதுபவன் யார்?

கீழாநெல்லியை நான் பழிக்கவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் பலிக்குமா என்று இன்னும் ஆராய வேண்டும், ஆராய்வேன். மருந்தாக வந்தால் மகிழ்வேன். ஆனால் முதலாளியே, பச்சிலையைக் காட்டிப் பாவத்தை மறைக்காதே! மூலிகையைக் காட்டி முகமூடியைத் திருடாதே! எங்கள் ஈரல் உன் ஆய்வுக்கூடம் அல்ல!

டில்லிபாபு இதோ முன்வரிசையில் இருக்கிறார். நாளைக் காலை அவர் அந்த வாசலுக்குப் போகிறார், வேலை கேட்டு அல்ல, தன் வேலையைத் திரும்ப எடுக்க. அவர் தனியாகப் போகப் போகிறாரா?

இல்லை என்று இத்தனை குரல் எழுந்த பிறகு எனக்கென்ன பேச்சு? பசியோடு நின்று கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்!