ஸ்கூட்டர் இல்லாத சந்து

என் பெயரையும் முகவரியையும் இந்தத் தாளின் மேல்பகுதியில் அதிகாரி எழுதிக்கொண்டார். வயது இருபத்து நான்கு. தந்தை வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தாய் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பவர். நான் கைப்பேசி விற்பனை மற்றும் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் சேவை மேசையில் வேலை பார்க்கிறேன். படிப்பு இளநிலைக் கணினி அறிவியல். அதை நான் சொன்னது காதில் விழவில்லை என்று அதிகாரி இரண்டு முறை கேட்டார். என் குரல் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்ற இடத்தில் எழுதுவதற்கு எனக்கு முன் யாரிடமும் எதுவும் இருந்ததில்லை.

என்னை யாரும் அழைக்கவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் மீது தரப்பட்டிருக்கும் புகார் பற்றித் தெரியும் என்று சொன்னேன். அவர் நீதிமன்றத்தில் கொடுத்த படத்தில் மோசடி செய்திருக்கிறார் என்பது புகார். படத்தை மாற்றியது அவரல்ல, நான்.

மேற்படி கடையில் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். போனிலும் டேப்லெட்டிலும் கம்ப்யூட்டரிலும் உள்ளேயே ஏஐ வசதி வரத் தொடங்கிய பிறகு, தங்களுடையதில் அது இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் அதிகமானதால், அதைப் பார்த்துச் சொல்லும் வேலையை முதலாளி என்னிடம் கொடுத்தார். செட்டிங்ஸில் போய் மாடல் எது, மெமரி எவ்வளவு, சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன், காலி இடம் எவ்வளவு, எந்த மொழி வைத்திருக்கிறார்கள் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். ஐந்தும் சரியாக இருந்தால் அந்த வசதி மெனுவில் தெரியும். தெரிந்தாலும், ஒரு முறை இயக்கிப் பார்த்த பிறகுதான் இருக்கிறது என்று சொல்வது கடை வழக்கம். "அவங்க போட்டோலயே செஞ்சு காட்டும்மா, அப்பதான் நம்புவாங்க" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். ஆகவே வாடிக்கையாளரின் படம் ஒன்றைத் திறந்து, பின்னணியில் இருக்கும் வேண்டாத பொருளை விரலால் வட்டமிட்டு அழித்துக் காட்டுவோம். காட்டி முடித்ததும் 'ரத்து' அழுத்தி வெளியே வந்துவிட வேண்டும். 'சேமி' அழுத்தக் கூடாது.

சென்ற மாதம் எட்டாம் தேதி காலை பத்தரை மணி அளவில் மேற்படி கண்டக்டர் கடைக்கு வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு பழைய போன், ஒரு டேப்லெட், ஒரு துண்டுச்சீட்டு மூன்றையும் எடுத்து வைத்தார். "வக்கீல் ஆபீஸ்லேர்ந்து முப்பது பக்கம் முப்பது பக்கமா அனுப்புறாங்கம்மா. கண்ணு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இப்ப ஏதோ ஏஐ உள்ளயே இருக்காமே, அதுவே படிச்சுச் சுருக்கிச் சொல்லுமாம். என்னுதுல இருக்கான்னு பாரேன்" என்றார்.

ஆள் மெலிந்து, தலை முழுவதும் நரைத்திருந்தது. குரல் மட்டும் மாறவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் என் பதினொரு வயது வரை நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவரைக் கண்டக்டர் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நான்கைந்து பேர் நின்றுகொண்டிருந்ததால் சொல்லாமல், "உட்காருங்க சார்" என்றேன்.

அதன் பிறகு துண்டுச்சீட்டைப் பார்த்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரின் மாடல் என்று அவர் எழுதி வந்திருந்தது மானிட்டரின் பெயர். அதைச் சொன்னதும், "மூஞ்சியப் பாத்துப் பேரு கேட்டுட்டு வந்துட்டேன், மூளையக் கேக்கல" என்று அவரே சிரித்தார். போனில் மெமரி போதவில்லை, அப்டேட் வருவதும் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. டேப்லெட் அவர் மகள் வாங்கிக் கொடுத்தது, புதியது. ஐந்தும் சரியாக இருந்தன. "பெரியவன் ஃபெயிலு, சின்னவ பாஸா?" என்று கேட்டார். பிறகு அவருக்குப் போன் வந்ததால் பேசிக்கொண்டே கடை வாசலுக்குப் போனார்.

அதன் பிறகு நான் வழக்கப்படி டேப்லெட்டில் படங்களைத் திறந்தேன். பழைய போனில் இருந்தவையெல்லாம் அதில் ஏற்றப்பட்டிருந்தன. மேலே இருந்த படத்தில் அவர் மகள் புது சைக்கிளுடன் நிற்கிறாள். தேதி பதினான்கு வருடத்துக்கு முந்தையது. அவளுக்குப் பின்னால் அந்தச் சந்து தெரிந்தது.

சந்து எது என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். தெருவைப் பார்த்து முன்வீடு இருக்கிறது. அதன் பக்கவாட்டில் நான்கடி அகலத்தில் சந்து. அதன் வழியாகத்தான் கண்டக்டர் வீட்டுக்கும், அதற்குப் பின்னால் இருந்த எங்கள் அறைக்கும் போக முடியும். வேறு வழி கிடையாது. அந்தச் சந்து தனக்கே சொந்தம், அதில் யாரும் நடந்ததே இல்லை, எப்போதும் தன் ஸ்கூட்டர்தான் நின்றது என்று சொல்லி, இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவதற்காக முன்வீட்டுக்காரர் வழக்குத் தொடுத்திருக்கிறார். கதவு வந்தால் கண்டக்டர் தன் வீட்டிலிருந்து தெருவுக்கு வர முடியாது. இந்த வழக்கு விவரம் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. சந்தின் இடதுபக்கச் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். கை வைத்துக்கொண்டே ஓடினால் உள்ளங்கை பச்சையாகிவிடும். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. கண்டக்டர் வீட்டுச் சமையலறை ஜன்னல் சந்தைப் பார்த்தபடி இருந்ததால், அந்த வெளிச்சத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அவர் டிக்கெட் கட்டுகளின் மீந்த அட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார், அதன் பின்பக்கம் வாய்ப்பாடு எழுதிப் பார்ப்பேன். பிள்ளைகள் வழியை அடைத்து உட்கார்ந்திருந்தால் விசிலை எடுத்து ஊதி, "கடைசி சீட்டு, உள்ள தள்ளு, ரைட் ரைட்" என்பார். எங்கள் அறை கடைசியில் இருந்ததால் கடைசி சீட்டு என்பது நான். தெருவிலிருந்து எங்கள் கதவு வரை முப்பத்தொரு எட்டு. கண்ணை மூடிக்கொண்டு போவேன், எதிலும் இடித்ததில்லை.

எனக்குப் பத்து வயதானபோது முன்வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கிச் சந்தின் நடுவில் நிறுத்தத் தொடங்கினார். என் தாய் தேய்த்த துணி மூட்டையை இடுப்பில் வைத்து ஒருக்களித்துப் போகும்போது கிரீஸ் பட்டு, வெள்ளைச் சட்டைகள் கறையாயின. துணி கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒரு வருடத்துக்குள் நாங்கள் அறையைக் காலி செய்துவிட்டோம்.

படத்தில் அந்த ஸ்கூட்டர் நின்றது. நான் முதலில் சுவரோரம் இருந்த ஒரு வாளியை வட்டமிட்டேன். அது அழிந்தது. ரத்து செய்தேன். வாளி திரும்பி வந்தது. அதன் பிறகு ஸ்கூட்டரை வட்டமிட்டேன். கருவி அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுவரையும் தரையையும் தானே வரைந்து நிரப்பியது. சந்து தெருவிலிருந்து கடைசி வரை காலியாகத் தெரிந்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சேமி என்பதை அழுத்தினேன். கண்டக்டர் பேசி முடித்து வந்ததும், "இதுல வசதி இருக்கு சார்" என்று டேப்லெட்டைக் கொடுத்து, படித்துச் சொல்ல வைப்பது எப்படி என்று காட்டினேன். "நல்லாரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது இந்த மாதம்தான் எனக்குத் தெரிந்தது. சந்து அடைபடாமல் நடைவழியாகவே இருந்தது என்று காட்ட, வக்கீல் அலுவலகத்தில் அந்தப் படத்தை டேப்லெட்டிலிருந்து எடுத்து அச்சிட்டு நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார்கள். பார்வை மங்கியிருந்ததால் கண்டக்டர் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. ஆனால் சைக்கிள் வாங்கிய நாட்களில் இரண்டு வீடும் ஒன்றாகப் பழகியதால், அதே படத்தின் ஒரு பிரதியை அவர் முன்வீட்டுக்கும் கொடுத்திருந்தார். முன்வீட்டுக்காரர் அதைத் தேடி எடுத்துவந்து, ஸ்கூட்டர் இருக்கும் படம் இதோ, இல்லாத படம் அதோ என்று காட்டிப் புகார் கொடுத்தார்.

சென்ற திங்கட்கிழமை நிலையத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்து விசாரித்தபோது, "கஸ்டமர் போட்டோவ நாங்க தொடுறதே இல்ல சார்" என்று முதலாளி சொன்னார். என்னையும் கேட்டார்கள். ஞாபகம் இல்லை என்றேன். அது பொய்.

மறுநாள் கண்டக்டரே வந்தார். நான் இருந்த மேசைக்கு நேராக வந்து, "யம்மா, அன்னிக்கு நீதானே பாத்த? நான் அதுல கை வைக்கலன்னு ஒரு வார்த்த சொல்லும்மா. எனக்கு அதுல எது எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்றார். நான் பதில் சொல்வதற்குள் முதலாளி, "பெரியவரே, கோர்ட்டு விவகாரத்தக் கடைக்குக் கொண்டாராதீங்க" என்றார். நான் இழுப்பறையைத் திறந்து ஸ்குரூக்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போனார். படியில் காலால் தடவித் தடவி இறங்கினார்.

அன்று சாயங்காலம் என் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அந்தக் குழா தெரியுதாடி படத்துல?" என்று கேட்டார். தெரிகிறது என்றேன். "எம்பிரசவத்துக்கு முன்னாடி ராத்திரி பகலா அவங்க வீட்டம்மாதான் தண்ணி புடிச்சுக் குடுத்தாங்க" என்றார். பிறகு, "வேல போனாப் போவுது. வேற கடையில இந்தப் படிப்ப வேணாம்னா சொல்லப்போறான்?" என்றார். நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதைச் சொன்ன பிறகு, கைப்பற்றி வைத்திருந்த டேப்லெட்டை அதிகாரி என் முன் வைத்து, இரண்டு காவலர்கள் முன்னிலையில் பழைய படத்தை மீட்க முடியுமா என்று கேட்டார். அந்த வகை டேப்லெட்டில் மாற்றிய படத்தை முன்பிருந்தபடி திருப்பலாம் என்பதால், அதற்குரிய இடத்தை அழுத்தினேன். ஸ்கூட்டர் திரும்பி வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. ஸ்கூட்டரின் சீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி ஒருவர் ஒருக்களித்து வந்துகொண்டிருந்தார். சிறிய அச்சில் அது வண்டியில் தொங்கும் பை போலத்தான் தெரிந்திருக்கும். முன்வீட்டுக்காரர் தரப்பிலும் பை என்றே சொன்னதாக அதிகாரி தெரிவித்தார். அன்று கடையில் நானும் அதைக் கவனிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது பள்ளிச் சீருடையும் பாதி முகமும் தோளில் ஒரு நீலப் பையும் தெரிந்தன. பையின் அறுந்த வாரைப் பெயிண்ட் டப்பாவின் கைப்பிடிக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. அதைக் கட்டிக் கொடுத்தவர் என் தந்தை.

"யாரும்மா இது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார்" என்றேன். இதை மட்டும் அவர் திரும்பக் கேட்கவில்லை.

படம் எடுத்த அந்த நாள் எனக்கு நினைவில்லை. பை நினைவிருக்கிறது. நான் அந்தச் சந்து வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போய்வந்தேன். ஸ்கூட்டர் நின்ற நாட்களிலும் அதே வழியாகத்தான், சுவருக்கும் வண்டிக்கும் இடையில் புகுந்து வந்தேன். என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அந்தப் பின்னறையின் கதவு எண் இருக்கிறது. நாளை கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். எந்த நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டாலும் வந்து இதையே சொல்வேன்.

மேற்கண்டவற்றை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஸ்கூட்டரை அழித்த இடத்தில் 'சோதனையின்போது தவறுதலாக' என்று எழுதியிருந்தார். அதை எடுத்துவிடச் சொன்னேன். "இருந்துட்டுப் போகட்டும்மா, உனக்கு நல்லதுக்குத்தான் போட்டேன். இல்லாட்டி உன் மேலயும் கேள்வி வரும்" என்றார். வட்டம் போடாமல் அது அழியாது, தவறுதலாக யாரும் வட்டம் போட மாட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டால், கண்டக்டர் சொல்லித்தான் செய்தேன் என்று ஆகிவிடும் என்றேன். சோதனை வாளியோடு முடிந்துவிட்டது. ஸ்கூட்டரை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. வண்டி இல்லாத சந்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அழித்தேன். பார்த்ததும் ரத்து செய்ய மனமில்லை, சேமித்தேன். அதையே எழுதச் சொன்னேன்.

அதிகாரி அந்த வார்த்தைகளை அடித்துவிட்டு, நான் சொன்னபடி எழுதி, மறுபடி படித்துக் காட்டினார். இப்போது இருப்பது நடந்ததுதான். கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும், கீழே முழுக் கையொப்பமும் இட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)