பதில் சொல்ல விட்ட இடம்

ராத்திரி ஏழு மணி இருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்கு கிடையாது. போன வருஷம் அந்தச் சாலையில்தான் லாரி அடித்து அவளுடைய மகள் போனாள். அவள் இன்னும் தினமும் அதே சாலையில்தான் நடக்கிறாள்...

யார் என்கிறீர்களா? நம் ஊர்த் தச்சருடைய சித்தி. அறிவியல் டீச்சர்.

பாடங்களை வீடியோ எடுத்து வகுப்பில் போடுவாள். உயிரோடிருந்த வரை போனைப் பிடித்தது மகள். "கை கடுக்குது மா, சீக்கிரம் முடி" என்று முனகிக்கொண்டே பிடித்திருப்பாள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு டீச்சர் கொஞ்சம் சும்மா நிற்பாள். பிள்ளைகள் பதில் சொல்ல விட்ட இடம் அது. பிறகு, "சபாஷ், அடுத்தது பார்ப்போம்." யாரும் வாயைத் திறக்காவிட்டாலும் சபாஷ்தான்.

அன்று ஒலிப் பாடம், மகள் இருந்தபோது எடுத்த பழைய வீடியோ. "சத்தம் எது வழியா போகாது?" திரையில் கேட்டாள். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. கப்சிப்... மின்விசிறி மட்டும் கிர்ர்ரென்றது.

ஸ்பீக்கரில் ஒரு குரல்.

"வெற்றிடம், மா."

கடைசி பெஞ்சு சிரித்தது. "டீச்சர், யாரு டீச்சர் உங்கள மாங்கறது?"

பள்ளி விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி போட்டாள்.

"வெற்றிடம், மா. இங்க ரொம்ப..."

"சபாஷ், அடுத்தது பார்ப்போம்."

நிறுத்தினால் மகளும் நின்றாள். ஓடவிட்டால் இவளே குறுக்கே விழுந்தாள். எத்தனை தடவை போட்டாலும் இதேதான். தன் வாயைத் தானே அடைக்க வழியில்லை.

புதிதாக ஒன்று எடுத்தாள். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்தாள். "இங்க ரொம்ப என்னடி கண்ணு? சொல்லு. அம்மா குறுக்க பேச மாட்டேன்."

இருட்டும் வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சாலையில் நடந்துகொண்டே அதைப் போட்டுப் பார்த்தாள். அவள் முகம். கேள்வி. காத்திருப்பு... நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு படம் மெல்லக் கீழே சரிந்தது. கை கடுத்தவர்கள் பிடித்தால் சரிவதுபோல.

மூச்சுப்படும் தூரத்தில் அந்தக் குரல்.

"வாய் மட்டும்தான் அசையுது மா. ஒண்ணுமே கேக்கல. சத்தமா பேசு."

நடுச் சாலையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். எங்கோ ஒரு நாய் குரைத்தது. மறுபடி போட்டாள். அதே முகம், அதே சரிவு, அதே சொற்கள்.

குரல் மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் தள்ளியிருந்து.