இறக்கட்டுமா, வேண்டாமா

ஹலோ... ஹலோ மாப்ள, நான்தான்டா... வெச்சுடாத, தயவுசெஞ்சு வெச்சுடாத! மீட்டிங்கா? எழுந்து வெளிய வா. வராந்தாவுக்கு வா. உன் அக்கா புருஷன் கேக்குறேன், ஒரு அஞ்சு நிமிஷம்...

ஆமா... ஆமா, இன்னும் மேலதான் இருக்கு. வேற எங்க இருக்கும்? நாலு ரோடு கூடுற இடத்துல, கிரேன் கொக்கியில, முக்கா மணி நேரமா தொங்குது. சிலைதான்டா! துணியா காயப் போட்டிருக்கேன்? வெண்கலம், ரெண்டு டன்னு...

இல்ல, நீ சொல்றது புரியுது. ஆனா காலைல நீதானே சொன்ன? "மாமா, ஆர்டர் ரெடி, ஒரு கையெழுத்துதான் பாக்கி, நீங்க வேலைய ஆரம்பிங்க"ன்னு சொன்னியா இல்லியா?... ஆங். அத நம்பித்தானே தூக்கினேன். இருபது வருஷமா கிரேன் வேலை பாக்குறேன், ஆர்டர கண்ணுல பாக்காம ஒரு செங்கல்ல தூக்கினது கிடையாது. நீ சொன்னியேன்னு தூக்கினேன்.

இப்ப உங்க ஆபீஸ் இன்ஸ்பெக்டர் இங்க வந்து நிக்கிறார். தனியார் குடுக்குற நன்கொடைய மாநகராட்சி ஏத்துக்கிட்டோம்னு உத்தரவு வர்ற வரைக்கும் சிலை மேடையத் தொடக் கூடாதாம். தொட்டா வண்டி பறிமுதலாம்... ஆமா, பக்கத்துலதான் நிக்கிறார். கேட்டா கேக்கட்டும், எனக்கென்ன?

ரோட்டுல இறக்கவா? யாருடா அது, அந்த யோசனை சொன்னது? அவர இங்க கூட்டிட்டு வா. கேளு, நல்லா கேளு. கிரேன் நாலு ஜாக்கி மேல நிக்குது. பின்பக்க ஜாக்கி ஒண்ணுக்கு அடியில பழைய சாக்கடை மூடி. மேல தார் போட்டு மூடியிருந்தாங்க, எனக்கு எப்படித் தெரியும்? இப்ப அது விரிசல் விடுது. கட்டை குடுத்து வெச்சிருக்கேன். சிலை இப்ப மேடைக்கு நேர் மேல இருக்கு, அதனால தாங்குது. ரோட்டுப் பக்கம் திருப்பினேன்னா மொத்தப் பாரமும் அந்த ஜாக்கிக்குப் போயிடும். வண்டியே சாஞ்சுடும். நேரா கீழ இறக்குறது ஒண்ணுதான் வழி. கீழ மேடை. மேடையில இன்ஸ்பெக்டர்!

பாட்டுக்காரரே, ஆட்டாதீங்க! அப்படியே புடிங்க. காத்து அடங்கட்டும்... இல்ல மாப்ள, உன்ன சொல்லல, கிரேன் ஓட்டுறவர சொன்னேன். எப்பவும் பாடிக்கிட்டே ஓட்டுற மனுஷன், இன்னைக்கு வாயே திறக்கல. எனக்கு அதான் பயமா இருக்கு.

சரி, சொல்லு. ஏன் கையெழுத்து நிக்குது?... புகாரா? யாரு?... பேர் சொல்லமாட்டாங்களா, சரி. என்னன்னு?...

...

அது, சிலை குடுக்குற தையல்காரம்மாவோட பொண்ணு மூஞ்சின்னா?

ம்... ம்... அப்படி ஒரு விதியா? சொந்தக்காரங்க உருவத்த நன்கொடையா குடுக்கக் கூடாதா?... செத்து பத்து வருஷம் ஆகணுமா? அடப்பாவிங்களா. அப்ப அந்த பெயிண்ட் கம்பெனிக்காரர் குடுத்த மாலுமி சிலை? துறைமுகத்துக்குப் போற வழியில தொப்பியோட நிக்குதே, அது யாரு? அவங்க அப்பா தானே? அந்த மீசைய ஊருக்கே தெரியும்! கப்பல படத்துல கூட பாத்திருக்க மாட்டாரு அந்த மனுஷன்! அத மட்டும் மாலை போட்டு வாங்குனீங்களே... தெரியும், நீ வாங்கல. நீ வெறும் கிளார்க்கு. தெரியும். நான் உன்ன திட்டல.

இரு, இரு. ஃபைல்ல நீ என்ன எழுதின? படி... "ஷூ லேஸ் கட்டும் சிறுமி. கற்பனை உருவம்." கற்பனை உருவமா? உனக்கு முன்னாடியே தெரியுமா?... பேசு... தெரிஞ்சுதான் எழுதினியா?

ஐயோ மாப்ள.

இல்ல, கோவம் இல்லடா. நல்லவன்டா நீ. உன் அக்காகிட்ட உன்னப் பத்தி எவ்ளோ சொல்லியிருப்பேன், சோம்பேறின்னு, தூங்குமூஞ்சின்னு. அதெல்லாம் வாபஸ். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? இவ்ளோ நேரம் தொங்கும்னு தெரிஞ்சிருந்தா நாலு ஜாக்கியையும் பாறை மேல வெச்சிருப்பேன்.

அந்தம்மா இங்கதான் இருக்காங்க. மருந்துக் கடை வாசல்ல ஒரு நாற்காலி போட்டுக் குடுத்தேன். காலைல ஏழு மணிக்கே வந்துட்டாங்க, தூக்கினதுல இருந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. தண்ணி குடுத்தா வேண்டாம்ங்கிறாங்க. என்ன தாமதம்னு ஒரு வார்த்த கேக்கல. அதுதான்டா தாங்க முடியல. கேட்டாலாவது நாலு பொய் சொல்லலாம்.

உனக்குத் தெரியுமா, ஏன் இவ்ளோ பெருசா செய்யச் சொன்னாங்கன்னு?... இந்த வளைவுலதான் நடந்துச்சு. லேஸ் அவுந்துச்சுன்னு அந்தப் பொண்ணு ஓரமா குனிஞ்சிருக்கு. ஒம்பது வயசு. லாரிக்காரன் கோர்ட்டுல ஒரே வார்த்தைதான் சொன்னானாம், "சின்னப் புள்ள, குனிஞ்சிருந்துச்சு, கண்ணுக்குத் தெரியல"ன்னு. அதான் சிற்பிகிட்ட சொல்லியிருக்காங்க, ரெண்டாள் உசரத்துக்குச் செய்யுங்க, மேடை மேல வைங்க, இனிமே இந்த வளைவுல யாரும் "தெரியல"ன்னு சொல்லக் கூடாதுன்னு. பள்ளிக்கூடத்து யூனிபாரம் தெச்சுத் தெச்சே செஞ்சிருக்காங்கடா இத. ஊருக்குத்தானே குடுக்குறாங்க? தன் வீட்டு வாசல்லயா வைக்கச் சொன்னாங்க?

ஹலோ?... ஹலோ!... ஆங், இருக்கியா. பயந்துட்டேன்.

மாப்ள, கையெழுத்துப் போடுற அதிகாரிகிட்ட போய் நில்லு. கால்ல விழு. நான் சொன்னேன்னு சொல்லு. ஜாக்கி இறங்குதுன்னு சொல்லு. இங்க போலீஸ் ஒரு பக்கத்து ரோட்ட அடைச்சாச்சு, இன்னும் ஒரு மணி நேரத்துல பள்ளிக்கூடம் விட்டுருவாங்க, மொத்தப் புள்ளைங்களும் இந்த வழியாத்தான்... போ. லைன வெக்காத, கையிலயே வெச்சுக்கிட்டுப் போ.

...

கீழ நிக்கிற பசங்களா, பின் ஜாக்கியப் பாருங்க! இன்னும் ஒரு கட்டை... அந்த அகலமானத சொருகுங்க. கையக் குடுக்காதீங்க, கம்பியால தள்ளுங்க... அவ்ளோதான்... அவ்ளோதான்.

சார், நீங்க மேடைய விட்டுத் தள்ளி நில்லுங்க. விழுந்துச்சுன்னா உங்க மேலதான் விழும், அப்புறம் உங்களுக்கு யாரும் சிலை வைக்க மாட்டாங்க. பத்து வருஷம் ஆகணுமாம்.

...

ஹலோ, சொல்லு, சொல்லு! என்ன சொன்னார்?... ஒரு வழி இருக்கா? சொல்றா!... எழுதிக் குடுக்கணுமா? யாரு, அந்தம்மாவா? குடுப்பாங்க, எத்தன கையெழுத்து வேணும்னாலும்... என்னன்னு எழுதணும்?...

...

திருப்பிச் சொல்லு.

"இது என் மகள் அல்ல"ன்னா?

மாட்டேன். மாட்டேன் மாப்ள. நீ என்ன சொன்னாலும் சரி. பெத்தவங்ககிட்ட போய், மேல தொங்குறதக் காட்டி, இது உங்க பொண்ணு இல்லன்னு எழுதிக் குடுங்கன்னு நான் கேக்கவா? எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குடா. உன் மடியில வளந்ததுங்க. வேற ஆளப் பாரு. அந்த அதிகாரிய வந்து கேக்கச் சொல்லு. நான் வண்டிய விட்டுக்குடுக்குறேன், பறிமுதல் பண்ணிக்கட்டும், இப்பவே இறக்குறேன்...

ம்... ம்... தெரியுது.

நாளைக்கே வந்து அறுத்து எடுப்பாங்களா? உத்தரவு இல்லாம இறக்கினா?... கட்டர் வெச்சா?... கணுக்கால்லயா?

அவங்க கண்ணு முன்னாடியே.

...

சரி. லைன்லயே இரு. எதுவும் பேசாத.

அம்மா... அம்மா, உக்காருங்க, எந்திரிக்க வேண்டாம். ஒண்ணும் ஆகல, சிலை பத்திரமா இருக்கு. ஒரு விஷயம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஆபீஸ்ல ஒரு லெட்டர் கேக்குறாங்க. சும்மா ஒரு பார்மாலிட்டி. இந்த மாதிரி... இந்தச் சிலை வந்து... மன்னிச்சிருங்கம்மா. இது உங்க பொண்ணு இல்லன்னு எழுதணுமாம்.

...

இல்லம்மா, நீங்க வேண்டாம்னா வேண்டாம். நான் வேற ஏதாவது...

...

மாப்ள, இருக்கியா? ம்... கேட்டுட்டேன். இல்ல, அழல. கொஞ்ச நேரம் மேலயே பாத்தாங்க. அப்புறம் சொல்றாங்க, "என் பொண்ணு ஒரு இடத்துல ரெண்டு நிமிஷம் உக்கார மாட்டா தம்பி. இது பாவம், காலைல இருந்து குனிஞ்சே இருக்கு. இது எப்படி அவளாகும்? பேனா இருக்கா?"ன்னு கேட்டாங்க...

ஒரு நிமிஷம் இருடா. கண்ணுல தூசி. இந்த ரோட்டுல ஒரே தூசி.

எழுதுறாங்க. மருந்துக் கடைக்காரர் பில் புக்குல இருந்து தாள் கிழிச்சுக் குடுத்தார். மடியில வெச்சு எழுதுறாங்க... மெதுவாத்தான் எழுதுவாங்க, அவசரப்படுத்தாத... கையெழுத்துப் போட்டாச்சு. குடுங்கம்மா. இதோ, போட்டோ எடுத்து அனுப்புறேன்... வந்துச்சா?... வந்துச்சா? படி.

"மாநகராட்சிக்கு நான் நன்கொடையாக அளிக்கும் இந்தச் சிலை, ஷூ லேஸ் கட்டும் ஒரு சிறுமியின் சிலை. என் மகள் இல்லை." கீழ கையெழுத்து, தேதி. போதும்ல? எடுத்துட்டு ஓடு.

என்ன தப்பு?... என்ன தப்புன்னு கேக்குறேன். "அல்ல"ன்னு இருக்கணுமா? "இல்லை"ன்னு எழுதிட்டாங்களா? அடேய், பேசுறப்ப ரெண்டும் "இல்ல"தானேடா! இதுல என்ன வித்தியாசம், "என் மகள் அல்ல", "என் மகள் இல்...

...

மாப்ள.

நீ இன்னொரு வாட்டி படி. மெதுவா படி.

புரியுதா?... ம்.

தெரிஞ்சுதான்டா எழுதியிருக்காங்க. அவங்களுக்கு எழுதத் தெரியாமலா? பள்ளிக்கூடத்து யூனிபாரம் பையில பேரு தெக்கிறவங்க. இதுல பொய்யா ஏதாவது இருக்கா, சொல்லு. ஒரு எழுத்து பொய் இருக்கா?

மாட்டேன். மாத்தச் சொல்ல மாட்டேன். ஒரு தடவ கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். அப்படியே கொண்டுபோய் அதிகாரி மேசையில வை. நீயா எதுவும் விளக்கம் சொல்லாத. வாய மூடிக்கிட்டு நில்லு. படிக்கட்டும்.

போ. லைன வெக்காத.

...

பாட்டுக்காரரே, என்ன சத்தம் அது? மூடியா? ரெண்டா பொளந்துடுச்சா?... இறங்காதீங்க, சீட்லயே இருங்க, நீங்க இறங்கினா வண்டி ஆடும். கட்டை தாங்குது. நான் சொல்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. பாடுங்க. ஏதாவது பாடுங்க! எனக்காகப் பாடுங்கன்னு சொல்றேன்!

போலீஸ்கார சார், அந்தப் பக்கம் நிக்கிற எல்லாரையும் பின்னாடி தள்ளுங்க! அந்த ஸ்கூட்டரையும்! சார்...

மாப்ள! எங்கடா போன? மாப்ள!... நீ என்ன சொன்னாலும் நான் இறக்கப் போறேன், இனிமே முடியாது, ஒரு நிமிஷம் கூட... என்ன?

என்ன சொன்னார்?... படிச்சாரா?... ரெண்டு தடவையா?... கண்ணாடியக் கழட்டி மேசையில வெச்சுட்டு...? அப்புறம்? இழுக்காதடா, உயிர் போகுது!

போட்டுட்டாரா!

சீல்? சீலும் போட்டாச்சா? அனுப்பு, அனுப்பு, போட்டோ அனுப்பு... வந்துடுச்சு. இன்ஸ்பெக்டர் சார்! இந்தாங்க, பாருங்க. உத்தரவு. நல்லா பெருசு பண்ணிப் பாருங்க. சீல் தெரியுதா?... தள்ளுங்க அப்ப!

என்னது... உனக்கு மெமோவா? எதுக்கு?... "கற்பனை உருவம்"னு எழுதினதுக்கா? ம்... ம்... ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு மாப்ள. இல்ல, வேலைக்கு ஒண்ணும் வராது. வந்தா வரட்டும். உன் அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு மாசத்துக்கு எங்க வீட்டுலதான் உனக்குச் சாப்பாடு, மறுபேச்சு பேசக் கூடாது.

பாட்டுக்காரரே, இறக்குங்க! நேரா. மெதுவா... இன்னும்... இன்னும்... நிறுத்துங்க. ஒரு ஜாண் இருக்கு. போல்ட்டு ஓட்டை சேரல. இந்தப் பக்கம் ரெண்டு விரக்கடை வரணும்.

அம்மா, நீங்க ஏன் எந்திரிச்சு... அங்கயே இருங்கம்மா, பாரம் ஆடுது...

...

சரி. வாங்க. இப்படி வந்து நில்லுங்க. அந்த ஷூவப் புடிங்க. கொஞ்சமா தள்ளுனா போதும், தானா திரும்பும். நான் மறுபக்கம் புடிக்கிறேன்.

மாப்ள, வெக்கிறேன்டா. ரெண்டு கையும் வேணும்.