மூன்று முறை தேடப்பட்டவர்

படிவத்தை நீல மையில் நிரப்புவது நல்லது. கறுப்பு மையில் எழுதினால் அசல் எது, நகல் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இருபத்திரண்டு வருடங்களாகச் சன்னலுக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. நானாவது கடைப்பிடிப்போம் என்று இதை நீல மையில் எழுதுகிறேன்.

நான் உட்காரும் இடம் காவல் துறையின் குற்றப் பதிவறை. ஒருவர் மேல் இந்த ஊரில் எப்போதாவது வழக்கு இருந்ததா என்று யார் வேண்டுமானாலும் இங்கே வந்து கேட்கலாம். வீட்டை வாடகைக்கு விடுபவர் கேட்பார், வேலைக்கு ஆள் எடுப்பவர் கேட்பார், பெண் கொடுக்கப் போகிறவர் வியர்த்துக்கொண்டே கேட்பார். தேடப்படுபவரின் முழுப் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பத்து வருடங்களில் குடியிருந்த முகவரிகள், எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற விவரம், உங்கள் கையெழுத்து. இவ்வளவுதான் வேண்டும். அப்பா பெயரை மட்டும் தப்பாக எழுதாதீர்கள். ஒரே பெயரில் ஒன்பது பேர் இருப்பார்கள், உங்கள் ஆள் செய்யாத காரியமெல்லாம் அவர் தலையில் வந்து விழும்.

படிவம் வந்ததும் நான் எழுந்து போய் இழுப்பறைகளைத் திறப்பேன். குற்றம் பதிவானவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை இருக்கும். இருந்தால் "அட்டை உண்டு" என்று முத்திரை குத்துவேன். இல்லாவிட்டால் "அட்டை இல்லை". கணினி வந்து எட்டு வருடமாகிறது. அதன் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறோம்.

ஒரு விதியை மட்டும் வெளியாட்கள் அறியமாட்டார்கள். ஒவ்வொரு தேடலையும் பேரேட்டில் பதிய வேண்டும். ஒரே வருடத்தில் ஒரு பெயர் மூன்று முறை தேடப்பட்டால், அந்தப் பெயருக்கு அட்டை இல்லாவிட்டாலும் புதிதாக ஒன்று போட்டாக வேண்டும். சும்மா இருக்கிற மனிதனை யார் மூன்று முறை தேடுவார்கள் என்று முன்காலத்தில் ஒரு மேலதிகாரி யோசித்திருக்கிறார். நல்ல யோசனைதான். அந்த அட்டையில் "காரணம்" என்றொரு கட்டம் உண்டு. அதை வெறுமையாக விடக் கூடாது.

இனி என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்தாறு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். காலையில் என் சட்டைக் காலரை இஸ்திரி போட்டுத் தருவாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டீ போட்டு வைத்துவிட்டுச் செய்தித்தாளை எனக்குப் படித்துக் காட்டுவாள். என் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. அவள் படித்தால் செய்தி நன்றாக இருக்கும்.

அவளுக்கு வரன்கள் வந்தன. ஒரு நல்ல அண்ணன் செய்யக்கூடியதை நான் செய்தேன், தேடினேன். முதலில் வந்தவர் பேரில் அட்டை இருந்தது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் விளக்கில்லாத சைக்கிளில் போயிருக்கிறார். விளக்கில்லாமல் போகிறவரை நம்பி எப்படிப் பெண்ணைக் கொடுப்பது? இரண்டாவது வரன் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் பேரில் அட்டை இல்லை. மனம் ஒப்பவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி தேடினேன், அப்போதும் இல்லை. மூன்றாவது முறையும் இல்லாததால், விதிப்படி அவருக்கு ஒரு அட்டை போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் "மூன்று முறை தேடப்பட்டார்" என்று எழுதினேன். அது பொய்யில்லை. அந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து வழக்கமான சரிபார்ப்புக்குப் பெயர்ப் பட்டியல் வந்தது. "அட்டை உண்டு" என்று குத்தி அனுப்பினேன். வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையில்லாதவருக்குப் பெண் கொடுக்க முடியாது என்று தங்கையிடம் சொன்னேன்.

எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யோவ், தேடினதே காரணம்னா, நாளைக்கு என் பேரை எவனாவது மூணு தடவை தேடினா நானும் உள்ளதானே? சம்பவம் வேணும்யா. கோப்பு எண்ணோட ஒரு சம்பவம்."

அவர் சொன்னது நியாயம். குறித்துக்கொண்டேன்.

மூன்றாவது ஆள் கடிகாரம் பழுது பார்க்கிறவர். மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி போட என் தங்கையின் கடைக்கு வந்தவர், நாலு மாதத்தில் ஆறு திருகாணி தொலைத்திருக்கிறார். அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

"அண்ணா, அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"அப்பா பேரு? பிறந்த தேதி?"

"இவரையாவது தேடாம இருண்ணா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தேடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. பொய் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை தேடினேன். ஒரு தூசி இல்லை. சைக்கிள் விளக்குகூடச் சரியாக எரிந்திருக்கிறது. அட்டை போட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. ஆனால் சம்பவம் இல்லை. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுத என் கை வராது. அப்படியென்றால் ஏதாவது நடந்தாக வேண்டும். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்பீர்கள்.

எங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் கோபுரக் கடிகாரம் இருக்கிறது. அதன் காவலாளி ஒரு மணிக்குச் சாப்பிடப் போவார், கதவைச் சும்மா தாழ் போட்டுவிட்டு. எண்பத்து நாலு படி ஏறினேன். முகப்பில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. பெரிய முள்ளைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். நீளம் ஐந்தே முக்கால் அடி. பழைய போர்வையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தேன். தையற்காரர் தலையை நிமிர்த்தி, "என்ன சார், ஜன்னல் திரைக்குக் கம்பியா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். சொல்லிவிட்டேனே, அது பொய்யாகக் கூடாது. அன்றே வீட்டில் தங்கை அறைச் சன்னலில் அதை மாட்டித் திரையைத் தொங்கவிட்டேன். கூர்முனையில் ஒரு ரப்பர் பந்தைச் செருகினேன். அவள் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நாலு வருஷமாக் கேட்டது இன்னிக்கு வந்திருக்கு" என்றாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் முள் திருட்டுக்குக் கோப்பு எண் வந்தது. கடிகாரக்காரரின் அட்டையில், காரணம் என்ற கட்டத்தில், இரண்டு வாக்கியங்கள் எழுதினேன். "கோபுரக் கடிகாரத்தின் பெரிய முள் களவு போயிருக்கிறது. இவர் கடிகாரங்களைப் பற்றி நன்கு அறிந்தவர்." இரண்டும் உண்மை. நான் அவற்றை அருகருகே வைத்தேன். சேர்த்துப் படித்தவர் இன்ஸ்பெக்டர்.

கடையைச் சோதனை போட்டபோது டப்பா டப்பாவாக நானூற்றுப் பன்னிரண்டு முட்கள் அகப்பட்டன.

"ஒரு ஆளுக்கு எதுக்குய்யா இவ்வளவு முள்ளு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம்.

"சார், இது என் தொழில் சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன். தொழில்காரன்தான் இப்படி நறுக்க முடியும்."

பெரிய முள்ளைத் துண்டு துண்டாக நறுக்கிச் சின்ன முட்களாக்கிவிட்டார் என்பது வழக்கு. நீதிமன்றத்தில் ஒரு நீளமான மேசை மேல் முட்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வைத்தார்கள். ஐந்தே முக்கால் அடி வந்ததும் வைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அளவு கச்சிதமாக இருந்தது. இரண்டு வருடம் போட்டார்கள்.

கடிகாரக்காரருக்கு ஒரு அம்மா மட்டும் இருந்தார். மேல்முறையீட்டுக்கு மகனுடைய அட்டையின் நகல் வேண்டும், தொண்ணூறு நாளுக்குள். ஒரு திங்கட்கிழமை என் சன்னலுக்கு வந்தார்.

"தம்பி, இதை எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லிக் கொடுங்க."

சொல்லிக்கொடுத்தேன். பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் எழுதிக் கொடுத்ததில் கணவர் பெயரின் முன்னெழுத்து விட்டுப்போயிருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த திங்கள் பழைய முகவரி ஒன்று குறைந்தது. அதற்கடுத்த திங்கள் கையெழுத்தின் வால் கட்டத்துக்கு வெளியே வந்துவிட்டது. நாலாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் கறுப்பு மை. அவருக்காக என் பேனாவைக்கூட நீட்டினேன். அவர் கை நடுங்கியதால் அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று நானே சொன்னேன். அந்த அம்மாள் என்னைக் கும்பிட்டு, "நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்றார். ஐந்தாவது திங்கள் அவர் வரவில்லை. இறந்துபோனதாகத் தெரிந்தது. "விண்ணப்பதாரர் வரவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடினேன். இறுதிச் சடங்குக்கு மகனை ஒரு நாள் வெளியே விடலாமா என்று சிறையிலிருந்து என் மேசைக்குச் சரிபார்ப்பு வந்தது. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். அட்டை இருந்தது. இருப்பதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

இதெல்லாம் என் வேலை. வேலையில் யாரும் இதுவரை என்னைக் குறை சொன்னதில்லை.

தங்கை சனிக்கிழமைதோறும் சிறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை. ஆறு மணிக்குள் வந்துவிடுவாள். செய்தித்தாள் படிப்பது மட்டும் நின்றுபோயிற்று. தொண்டை சரியில்லை என்றாள். பதினோரு மாதம் தொண்டை சரியில்லாமலே இருந்தது.

போன வாரம் துவைப்பதற்காகத் திரையைக் கழற்றியிருக்கிறாள். ரப்பர் பந்து உருண்டு ஓடியிருக்கிறது. நான் வீட்டுக்குப் போனபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், முள் மடியில் குறுக்கே கிடந்தது. டீ மட்டும் இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சன்னலில் அவள் நின்றாள்.

"ஒரு படிவம் குடுங்க சார்."

அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. படிவத்தை அங்கேயே நின்று நிரப்பினாள், நீல மையில். என் முழுப் பெயர், எங்கள் அப்பா பெயர், என் பிறந்த தேதி, ஒரே முகவரி. ஒரு பிழை இல்லை. எதற்காக என்ற இடத்தில் "திருமணம்" என்று எழுதியிருந்தாள். நான் எழுந்து போய்த் தேடினேன். "அட்டை இல்லை" என்று குத்திக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் படிவத்தை நீட்டிவிட்டுச் சொன்னாள்.

"விதி தெரியும்ல? சின்ன வயசுல எனக்குக் கதை சொல்றதுக்குப் பதிலா இதைத்தானே சொல்லிக்கிட்டிருந்தே."

"தெரியும்."

"கட்டத்தை வெறுமையா விடக் கூடாது."

"விடமாட்டேன்மா."

அழுதாள் என்று நினைக்கிறேன். சன்னல் கண்ணாடி அழுக்காக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அவளுடைய பெட்டி இல்லை. முள்ளும் இல்லை. அது இப்போது இன்ஸ்பெக்டர் மேசையில் இருக்கிறது என்று கேள்வி. கடிகாரக்காரரை இந்த வாரம் விட்டுவிடுவார்களாம்.

ஆக, நீங்கள் படித்துக்கொண்டிருப்பது என் அட்டையில் உள்ள காரணம் என்ற கட்டம். அது இரண்டு அங்குல அகலம்தான். இடம் போதாததால் இந்தத் தாள்களைப் பின்னால் இணைத்திருக்கிறேன். முள்ளைத் திருடியது நான். குற்றமில்லாதவர் ஒருவரை உள்ளே அனுப்பியதும், அவர் அம்மாவை நாலு முறை திருப்பி அனுப்பியதும் நான்தான். இந்த மூன்றையும் என் தங்கையின் நன்மைக்காகச் செய்தேன். ஒருவருடைய அட்டையைக் கிழிக்க விதியில் இடமில்லை என்பதால் கடிகாரக்காரருடையது இழுப்பறையில் அப்படியே இருக்கும். என்றாவது அவளே அதைப் பார்த்து யோசிப்பாள்.

நாளைக் காலை இன்ஸ்பெக்டர் என்னை அழைத்துப் போக வருகிறார். அதற்குமுன் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. தங்கை இப்போது எங்கே தங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு அண்ணனுக்கு அது தெரிய வேண்டாமா? அட்டை போட்டுவிட்டால் முகவரியைக் காவல் துறையே கண்டுபிடித்து எழுதிவிடும். அதனால் அவள் பெயரைத் தேடிப் பார்த்தேன், முந்தாநாள் ஒரு முறை, நேற்று ஒரு முறை, சற்றுமுன் ஒரு முறை. மூன்று முறையும் இல்லை. புதிய அட்டையை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் இரண்டு வாக்கியங்கள் எழுதி, மை காயட்டும் என்று மேசை மேல் வைத்திருக்கிறேன். "களவு போன முள் பதினோரு மாதம் இவருடைய அறையில் இருந்தது. இவர் கடிகாரக்காரரைத் திருமணம் செய்துகொள்ள இருப்பவர்." இரண்டுமே உண்மை.