ஏழு புள்ளி எட்டு

முதலில் தேநீரைக் குடியுங்கள். கொஸ்லந்த மலைப்பாதையில் வந்திருக்கிறீர்கள், அந்த வளைவுகளில் எனக்கே இருபது வருடமாக வயிறு புரட்டுகிறது. உங்கள் பல்கலைக்கழகத்து விசாரணை எங்கும் ஓடிப்போகாது.

ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக விடுமுறையில் எட்டு வாரப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கிறோம். மருத்துவ ஆய்வு எப்படி நடக்கிறது என்று அவர்கள் பழக வேண்டுமாம். வருகிறவர்களில் பாதிப் பேர் எல்லவில் அருவி பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு சான்றிதழோடு போகிறவர்கள். இந்த வருடம் தயானியை எடுத்தேன். அவளைவிட அதிகப் புள்ளி எடுத்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் அவள் நாங்கள் ஆய்வு செய்யவிருந்த தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எத்தனை வருடம் இருந்தாலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் இரத்தம் எடுக்க என்னிடம் விரல் நீட்ட மாட்டார்கள். போன வருடம் இரண்டு வாரம் அலைந்து பதினொரு பேர்தான் கிடைத்தார்கள். தயானியோ, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஒரு ஃபிளாஸ்க் சுடுதண்ணீரோடு போய் நின்றாள். காய்த்துப்போன விரலில் ஊசி குத்தினால் லேசில் இரத்தம் வராது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொருத்தியின் கையையும் நனைத்து, துடைத்து, அத்தை, அக்கா என்று பேசிக்கொண்டே குத்தினாள். நான்கு நாளில் எழுபது பேர். நம்ம பிள்ளை கேட்கிறது என்பதுதான் அவர்கள் தந்த சம்மதம். நான் அச்சடித்த சம்மதத் தாளை ஒருத்தியும் வாசிக்கவில்லை.

ஆய்வு சிக்கலானதல்ல. ஒரு சத்துமாவைக் கொடுத்து, இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறுகிறதா என்று பார்ப்பது. பன்னிரண்டு இருந்தால் நல்லது. ஏழுக்குக் கீழே போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆய்விலிருந்தும் நீக்கிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவள் நான். இந்த முறை அறுபது பேருக்குக் குறைந்தால் ஆய்வு செல்லாது, அடுத்த வருடம் பயிற்சியும் கிடையாது என்று எழுதியவளும் நான்தான்.

ஆறாம் வாரத்தில் சரியாக அறுபது பேர் மிஞ்சியிருந்தார்கள். அன்று காலை தயானி தன் சித்தி கருப்பம்மாவை என்னிடம் அழைத்துவந்தாள். தாய் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன காலத்தில் தயானியை வளர்த்தவள் அவள்தான்.

"மேடம், நாலு புள்ளி எட்டு காட்டுது. ரெண்டு மாசமா ரத்தப்போக்கும் நிக்கலயாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கருப்பம்மா என்னிடம் வருமுன்பே வீட்டுக்குப் போய் நல்ல சேலைக்கு மாறி, ஆஸ்பத்திரியில் தங்கப் பையில் துவாயும் கோப்பையும் எடுத்து வந்திருந்தாள்.

நான் இன்னொரு விரலில் குத்தினேன். மெஷினின் திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டேன்.

"ஏழு புள்ளி எட்டு," என்றேன். "நீ விரலைப் பிழிஞ்சிட்டாய், பிள்ளை. பிழிஞ்சா நீர் கலந்து குறைச்சுத்தான் காட்டும்."

பிழிந்தால் குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது, பொய்யல்ல. தயானியின் முகத்தில் வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. அவளே ஏழு புள்ளி எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டொக்டரம்மாவே பார்த்துவிட்டார், இனி என்ன பயம், வேலைக்குப் போனால் அரை நாள் சம்பளப் பேராவது விழும் என்று சொல்லிவிட்டுக் கருப்பம்மா சேலையை மாற்றப் போனாள்.

இரண்டு வாரம்தான் மீதி இருந்தது. முடிந்ததும் நானே என் காரில் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக இருந்தேன். நாட்குறிப்பில் திகதி போட்டு எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கள்.

ஒன்பதாம் நாள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பாரத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்த கருப்பம்மா எழும்பவில்லை. மரணச் சான்றிதழில் இருதயம் என்று எழுதினார்கள். ஆய்வில் ஐம்பத்தொன்பது பேர் ஆனார்கள். நான் பட்ட பாடெல்லாம் வீண். அதை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு கசக்கிறது.

கருமாதி முடிந்த மறுநாள் தயானி ஆய்வுகூடத்துக்கு வந்தாள். அழவில்லை.

"மேடம், நான் எப்படிப் பிழிஞ்சேன்னு ஒருக்கா காட்டிக் குடுங்க. நான் பிழிஞ்சு குழப்பாம மொதல்லயே சரியாப் பாத்திருந்தா சித்திக்கு என்னன்னு தெரிஞ்சிருக்குமோ என்னவோ."

அவளை உட்காரவைத்து, என் விரலிலேயே குத்தி அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். எந்த விரல், எவ்வளவு அழுத்தம், முதல் துளியை ஏன் துடைக்க வேண்டும் என்று எல்லாம். ஒன்று விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டாள். எழுந்து போகும்போது, தான் பிழிந்தது தனக்கே ஞாபகம் வருவதாகச் சொன்னாள்.

இப்போது மெஷினில் உள்ள பதிவுகளைத் திறந்து பார்த்துவிட்டீர்கள். தாளில் இருப்பது அவள் கையெழுத்து. எல்லாம் தன் பிழைதான் என்று அவளும் உங்களுக்கு எழுதிவிட்டாள். நீங்கள் காட்டிய அந்தக் கடிதத்தை வாசித்தேன். மோசமான கடிதம். ஒரு ஆதாரமும் இல்லாமல் முடிவு எழுதியிருக்கிறாள். என் மாணவி அப்படி எழுதுவதை என்னால் பொறுக்க முடியாது, அதனால்தான் வாய் திறக்கிறேன். மெஷினில் இரண்டாவதாகப் பதிவாகியிருக்கும் நான்கு புள்ளி ஆறு, நான் பார்த்தது. பார்த்துத்தான் மாற்றிச் சொன்னேன். கருப்பம்மா செத்தது என்னால்.

தயானிமேல் நடவடிக்கை வேண்டாம். அடுத்த விடுமுறைக்கும் அவளை என்னிடமே அனுப்புங்கள். இன்னும் மூன்று தோட்டங்கள் பாக்கி இருக்கின்றன, அவள் கேட்டால்தான் அந்தப் பெண்கள் விரல் நீட்டுவார்கள்.