பதினைந்து ஆம்பியர் மரியாதை

உள்ளே நுழைந்ததும் 'உட்காருங்க' என்றீர்கள், அதற்கு முதலில் நன்றி. தண்ணீரும் கொடுத்தீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் மரியாதை கிடைக்காது என்று சொல்கிறவர்கள் சொந்தக்காரர்கள் வீட்டுப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது.

நான் கார் எலக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடத் தொழில். என் தங்கையின் கணவர், அதாவது எங்கள் மாப்பிள்ளை, என்னைவிட ஆறு வயது சின்னவர். பெரிய கம்பெனியில் மேனேஜர். அவருக்குக் கீழே நாற்பது பேர். நாற்பத்தொன்றாவது ஆளாக என்னையும் சேர்த்துக்கொண்டார். "என்ன ஸ்பானர், எப்படி இருக்க?" ஒன்பது வருடமாக எனக்குக் கிடைத்த நலவிசாரிப்பு இதுதான். நான் "வாங்க மாப்பிள்ள" என்பேன், அவர் "நீ இன்னும் குளிக்கலையா?" என்பார். நாலு பேர் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான் என்பார்கள்.

தங்கை மட்டும் சிரிக்கமாட்டாள். கல்யாணமான புதிதில் "எங்க அண்ணன மரியாதையா கூப்பிடுங்க" என்று அவரிடம் சண்டை போட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பசித்தது, சாப்பிட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்காகப் பட்டினி கிடந்த ஒரே ஆள் அவள்தான்.

இரண்டு மாதத்துக்கு முன் மாப்பிள்ளையின் கார் என் பட்டறைக்கு வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. அந்த வண்டியில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ், பதினைந்து ஆம்பியர். புதிது மாட்டி அனுப்பினேன். நாலாம் நாள் அதுவும் போனது.

ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அதன் மேல் குற்றமில்லை. பாவம், அது தன் வேலையைத்தான் செய்கிறது. எங்கேயோ வயர் பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டி, மாப்பிள்ளையை பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, வயரை இடம் இடமாக ஆட்டிப் பார்த்தேன். டிக்கியின் கீல் பக்கத்தில் ஆட்டியதும், மங்கலாக இருந்த பல்பு பளிச்சென்று எரிந்தது. உரசல் அங்கேதான். டிக்கியைத் திறந்து மூடித் திறந்து மூடி, வயரின் மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது. நாலு விரல் நீளத்துக்கு டேப் சுற்றினால் போதும். டேப் கையில்தான் இருந்தது.

அப்போது முன்சீட்டிலிருந்து குரல் வந்தது. "மச்சான், கால் வலிக்குது. நீங்க சொன்னீங்கன்னா எடுத்துடறேன்."

நீங்க. ஒன்பது வருடத்தில் முதல் தடவை. டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் மிதிங்க மாப்பிள்ள. கஷ்டமான கேஸா இருக்கு."

பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் பழைய சீட்டில் பதவிசாக உட்கார்ந்திருப்பார். மூன்றாவது வாரம் எனக்கு அவரே டீ வாங்கி வந்தார். ஐந்தாவது வாரம் போனில் யாரிடமோ "எங்க மச்சான் இருக்காரு, பெரிய எக்ஸ்பர்ட்" என்றார். நான் பெரிய டாக்டர் போல பானெட்டுக்குள் கொஞ்ச நேரம் கவலைப்பட்டுவிட்டு, புது ஃபியூஸ் மாட்டி அனுப்புவேன். வேறு இடத்தில் காட்டலாமா என்று ஒருமுறை இழுத்தார். "தாராளமா காட்டுங்க. மொத்த வயரிங்கையும் பிரிச்சுப் போட்டுடுவாங்க" என்றேன். அடுத்த சனிக்கிழமையும் என்னிடமே வந்தார். மேனேஜர்களைப் பயமுறுத்துவது சுலபம்.

எட்டாவது சனிக்கிழமை, வண்டி போன பிறகு, தங்கை போன் செய்தாள். "அண்ணா, நாளைக்கு நான்தான் கார எடுத்துட்டு வெளியூர் போறேன். மழை வேற கொட்டுது. இப்ப சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சும்மா. தைரியமா போ."

"நீ பாத்தா எனக்கு என்ன பயம்?"

டிக்கியைத் திறக்காதே என்றாவது சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. அதோடு அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வீட்டில் எனக்குச் சாப்பாடு. 'வந்துடு' என்றல்ல, 'அவசியம் வரணும் நீங்க' என்று அழைத்திருந்தார். ஒரு வாரம் பொறுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, டேப் சுற்றிவிடுவதாகத்தான் இருந்தேன்.

ஊருக்குக் கொண்டுபோகும் பெட்டியை அவள் டிக்கியில் வைத்திருக்கிறாள். திறந்து மூடியதில் வயர் உரசி ஃபியூஸ் போயிருக்கிறது. மீதி உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. முன்னால் பஸ் நின்றது, இவள் பிரேக் போட்டாள், பின்னால் விளக்கு எரியவில்லை. பின்னால் வந்து மோதிய லாரிக்காரரை விட்டுவிடுங்கள். அந்த மழையில் எரியாத விளக்கை அவர் எப்படிப் பார்ப்பார்?

பிணவறை வாசலில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க மேல தப்பே இல்ல மச்சான். நீங்க எவ்வளவு பாடுபட்டீங்க." அந்த நேரத்திலும் மனுஷர் மரியாதை குறையாமல் பேசினார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

எழுதிக்கொள்ளுங்கள். பல்பு மாட்டிய அன்றே கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அப்படியே விட்டேன். கேட்டவளிடம் சரியாகிவிட்டது என்றேன். அந்த டேப் இதுதான், வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கோபத்தில் பழையபடி 'நீ' என்று ஆரம்பித்துவிடுவார். என் தங்கைக்கு அது பிடிக்காது.